தண்ணீர் எந்தப் பக்கம் போகும்?



இந்தப் பேச்சுக்குத் தலைப்புக் கேட்டு அறக்கட்டளையிலிருந்து எழுதியிருந்தார்கள். ‘மனைப்பிரிவு அனுமதியில் உள்ளாட்சியின் பங்கு’ என்று முதலில் எழுதி அனுப்பினேன். இரண்டு நாள் மனம் ஒப்பவில்லை. மறுபடி கூப்பிட்டு மாற்றச் சொன்னேன். அழைப்பிதழில் நீங்கள் பார்க்கும் தலைப்பு ஒரு மூதாட்டி கேட்ட கேள்வி. அவர் அதைக் கேட்டபோது நான் அங்கே அரசு ஊழியனாக உட்கார்ந்திருந்தேன். பதில் சொல்லவில்லை. இந்த மேடையில் அதற்குப் பதில் தேடலாம் என்று வந்திருக்கிறேன்.

2012 ஆகஸ்ட் 15. செங்கல்பட்டுப் பக்கத்தில் ஓர் ஊராட்சி. பெயர் இங்கே வேண்டாம். அன்றைய கிராம சபைக்குப் பற்றாளராக ஒன்றிய அலுவலகத்திலிருந்து என்னை அனுப்பியிருந்தார்கள். கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து முடிந்தபின் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் சபை கூடியது. மூவாயிரத்துக்கு உட்பட்ட மக்கள்தொகை என்பதால் 100 பேர் இருந்தால் கோரம். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஆண்கள் மதில் ஓரம் நின்றிருந்தார்கள். குடிநீர்த் தொட்டி, தெருவிளக்கு, வேலைத்திட்டக் கணக்கு என்று பொருள்கள் வரிசையாகப் போய், கடைசியில் ‘இதர’ என்ற தலைப்பின் கீழ் ஒரு மனைப்பிரிவு வந்தது. 18 ஏக்கர். நெடுஞ்சாலையை ஒட்டிய முகப்பில் கடைகளுக்கான இடம், பின்னால் குடியிருப்பு மனைகள். சாலைகளையும் பூங்கா இடத்தையும் ஊராட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்கப்போகிறார்கள், அதை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று கிளார்க் படித்தார்.

முன்வரிசையிலிருந்து ஓர் அம்மா எழுந்தார். எழுபதுக்குப் பக்கம் இருக்கும்.

“ஏம்பா தலைவரே, மழ பேஞ்சா அந்தத் தண்ணி எந்தப் பக்கம் போவும்?”

“அதெல்லாம் ஆபீசருங்க பாத்துட்டாங்க ஆயா. ப்ளான்லயே கால்வா போட்டிருக்காங்க.”

“ப்ளான்ல இருக்கறது எனக்குத் தெரியாது. நாங்க வெட்ன கால்வாதான் எனக்குத் தெரியும். அது அந்த நெலத்துக்கு நடுவுல இல்ல வருது?”

தலைவர் என்னைப் பார்த்தார். சபை என்னைப் பார்த்தது. நான் அடுத்த ஊர்க் கிராம சபைக்கும் போக வேண்டியிருந்தது. கிளார்க் தம்பி குனிந்து, “எப்படி சார் எழுதட்டும்?” என்று கேட்டார். வழக்கமாக எழுதுவதைத்தான் சொன்னேன். ‘விவாதிக்கப்பட்டு ஏகமனதாக ஏற்கப்பட்டது.’

அந்த அம்மாவுக்கு அது எப்படித் தெரிந்தது என்று பிற்பாடுதான் யோசித்தேன். அவர் பெயரில் ஒரு சென்ட் நிலம் கிடையாது. ஏரிக்கு வரும் வரத்துக்காலைத் தூர்வாரும் வேலை முந்திய இரண்டு கோடையில் அந்த ஊரில் நடந்திருந்தது. மண்வெட்டியும் கூடையுமாக அந்தக் காலின் நீளம் முழுவதும் அவர் நடந்திருக்கிறார். எங்கே மண் இளகிக் கிடக்கும், எங்கே கால் புதையும், எந்த வளைவில் தண்ணீர் நின்று நிதானித்துப் போகும் என்பதை அவர் கால்கள் அறிந்திருந்தன. எங்கள் கையில் இருந்ததோ புலப்படம். எஃப்எம்பி என்று சொல்வோம். பெரிய வாய்க்கால் புறம்போக்கு என்றால் அதில் தனிப் புல எண்ணோடு இருக்கும். பட்டா நிலத்துக்குள் வரப்போரமாக ஓடும் கன்னிக்கால்கள் பலவற்றுக்கு அப்படி எண் கிடையாது. காகிதத்தில் இல்லாதது அலுவலகத்துக்கு இல்லாததுதான். பரம்பரையாக ஊரார் விட்டுக்கொடுத்து ஓடவிட்ட தண்ணீர், நிலம் கைமாறிய அன்றே பாதை இழந்துவிடுகிறது.

உள்ளாட்சி விவாதம் எதற்கு என்று என்னைக் கேட்டால், அந்த அம்மாவின் காலுக்குத் தெரிந்தது அந்தக் காகிதத்தில் ஏறுவதற்குத்தான் என்பேன். இது ஏன் நடப்பதில்லை என்பதுதான் இன்றைய பேச்சு.

சட்டத்திலிருந்து தொடங்குகிறேன். 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்றும், 74-ஆவது திருத்தம் அதே ஆண்டு ஜூன் 1 அன்றும் நடைமுறைக்கு வந்தன. ஒன்று ஊராட்சிகளுக்கு, மற்றது நகராட்சிகளுக்கு. இரண்டுக்கும் தனித்தனி அட்டவணை. நகரங்களுக்கான பன்னிரண்டாம் அட்டவணையில் 18 பொருள்கள். முதல் பொருளே நகரமைப்புத் திட்டமிடல். இரண்டாவது, நிலப் பயன்பாட்டையும் கட்டடம் கட்டுவதையும் ஒழுங்குபடுத்துதல். கிராமங்களுக்கான பதினோராம் அட்டவணையில் 29 பொருள்கள் இருக்கின்றன. வேளாண்மை, நில மேம்பாடு, சிறுபாசனம், மீன்வளம், ஊரக வீட்டுவசதி எல்லாம் உண்டு. நிலப் பயன்பாட்டை ஒழுங்குபடுத்துதல் என்ற பொருள் மட்டும் கிடையாது.

இதை நான் பலமுறை படித்துப் பார்த்திருக்கிறேன். கிராமத்து நிலம் என்றைக்கும் விளைநிலமாகவே கிடக்கும், அதன் பயன்பாடு மாறப்போவதில்லை, ஆகவே அதைப் பற்றி ஊர் தீர்மானிக்க ஒன்றுமில்லை என்ற எண்ணம் அந்த இடைவெளிக்குள் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. 1993-லேயே அது உண்மையாக இருக்கவில்லை. சென்னையிலிருந்து தெற்கே போகும் ஜிஎஸ்டி சாலையின் இருபுறமும் அப்போதே கல் நட்டுக் கொடி கட்டத் தொடங்கியிருந்தார்கள்.

அதே திருத்தங்களில் இன்னொரு பிரிவு இருக்கிறது: 243-இசட்டி. மாவட்டத் திட்டக் குழு. அதன் உறுப்பினர்களில் ஐந்தில் நான்கு பங்கினர் மாவட்ட ஊராட்சி, நகராட்சி உறுப்பினர்களால் தங்களுக்குள்ளிருந்து தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் பொதுவான விஷயங்களாக அந்தப் பிரிவு இடம்சார்ந்த திட்டமிடலையும் நீரைப் பகிர்வதையும் ஒரே வாக்கியத்தில் அடுத்தடுத்து வைக்கிறது. எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நிலத்தைப் பிரிப்பது என்றால் தண்ணீரைப் பிரிப்பது. ஆனால் தமிழ்நாட்டில் முழுமைத் திட்டம் வரையும் வேலை அந்தக் குழுக்களிடம் வரவில்லை. 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின்படி நகர் ஊரமைப்பு இயக்ககமும், சென்னைப் பகுதியில் பெருநகர் வளர்ச்சிக் குழுமமான சிஎம்டிஏவும்தான் அதைப் பார்த்துக்கொள்கின்றன.

இப்போது ஒரு மனைப்பிரிவு உண்மையில் எப்படிப் பிறக்கிறது என்று பார்ப்போம். முதலில் புரோக்கர் வருகிறார். நாலைந்து குடும்பங்களின் நிலம் ஒரே தொகுதியாக அமைய வேண்டும். நடுவில் ஒருவர் மறுத்தால் விலை ஏறும். அட்வான்ஸ் கைமாறும். பவர் எழுதப்படும். தொகுதி சேர்ந்தபின் வரைபடம் போடுவார்கள்: இத்தனை அடிச் சாலை, இத்தனை மனை, கடைக்கு இவ்வளவு, பூங்காவுக்கு இவ்வளவு. அது தொழில்நுட்ப அனுமதிக்குப் போகும். வருவாய்த் துறை, நீர்வளத் துறை, வேளாண்மைத் துறை என்று தேவைக்கேற்பத் தடையின்மைச் சான்றுகள் சேரும். இதெல்லாம் முடிந்தபின் கோப்பு ஊராட்சிக்கு வருகிறது. அதற்குள் பலருடைய பணம் உள்ளே போயிருக்கும். சில இடங்களில் மனைகளுக்கு முன்பதிவும் முடிந்திருக்கும். இந்த நிலையில் ஒரு வார்டு உறுப்பினர் எழுந்து ‘வேண்டாம்’ என்றால், பக்கத்து வீட்டுக்காரரின் மகள் கல்யாணத்தை நிறுத்துகிறவராகத்தான் அவர் பார்க்கப்படுவார். ஊர் பேச வேண்டிய நேரம் அட்வான்ஸுக்கு முன்னால். ஊரைக் கூப்பிடுகிற நேரமோ எல்லாவற்றுக்கும் பின்னால்.

உள்ளாட்சியின் பழம்பெருமை பேசும்போது உத்தரமேரூரைச் சொல்லாமல் யாரும் விடுவதில்லை. நானும் விடப்போவதில்லை, ஆனால் வேறு காரணத்துக்காக. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், பொ.ஆ. 919-லும் 921-லும் வெட்டப்பட்ட அந்தக் கல்வெட்டுகளில் குடவோலை முறை விரிவாக இருக்கிறது. 30 குடும்புகள், அதாவது வார்டுகள். சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம், பொன் வாரியம் என்று தனித்தனிக் குழுக்கள். ஏரிக்கென்றே ஒரு வாரியம் வைத்திருந்தார்கள் என்பதும், பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் பெயர் எழுதப்படும் தகுதியை இழந்தார்கள் என்பதும் இன்றைக்கும் நினைக்கத் தக்கவை. ஆனால் தகுதிப் பட்டியலின் முதல் வரியைப் பாருங்கள். வரி செலுத்தும் கால் வேலி நிலத்துக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். வயது 35-க்கு மேல் 70-க்குக் கீழ். வேதப் பயிற்சி வேண்டும். அது பிராமணர்களுக்குத் தானமாக வழங்கப்பட்ட ஒரு பிரம்மதேய ஊரின் சபை. அந்த ஏரியைத் தோண்டியவர்களுக்கு ஏரி வாரியத்தில் இடம் இல்லை.

இன்றைய கிராம சபையில் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும். அந்த அம்மா உத்தரமேரூர்ச் சபையில் வாய் திறந்திருக்க முடியாது; 2012-இல் எழுந்து நின்று கேட்டார். ஆயிரத்து நூறு ஆண்டில் நாம் அடைந்தது சிறிதன்று. நிலம் இல்லாதவர் நிலத்தைப் பற்றிப் பேசலாம். அவர் பேசியதை என்ன செய்தோம் என்பதில்தான் இடறுகிறோம்.

நகரத்துக்கு வருகிறேன். சென்னையில் தியாகராய நகருக்குப் போகாதவர் இந்த அரங்கில் யாரும் இருக்கமாட்டீர்கள். நுங்கம்பாக்கத்திலிருந்து தெற்கே நீண்டு கிடந்த நெடிய ஏரியின் படுகையில் உருவானது அது. 1920-இல் சென்னை நகரமைப்புச் சட்டம் வந்தது. பிறகு வந்தது நீதிக்கட்சி ஆட்சிக்காலம். நகரம் நெருக்கடியில் இருந்தது, வீடு வேண்டும். ஏரியை வடித்து, மாம்பலம் குடியிருப்புத் திட்டத்தை 1920-களில் தொடங்கினார்கள். சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்த பிட்டி தியாகராயரின் பெயரை நகருக்கு வைத்தார்கள். நடுவில் பனகல் பூங்கா. அதிலிருந்து கதிர்போலப் பிரியும் அகலமான சாலைகள்.

அன்று அதைத் திட்டமிட்டவர்களை இன்று குறை சொல்வது எளிது. எனக்கு அவர்கள்மீது மரியாதை உண்டு. பூங்காவுக்கான இடத்தை மனைகளுக்கு நடுவே வைத்தார்கள். மிச்சம் விழுந்த மூலையைப் பூங்காவாக்கவில்லை. இன்றைய மனைப்பிரிவுகளில் பொது ஒதுக்கீட்டு இடம், அதாவது ஓஎஸ்ஆர் நிலம், எங்கே விழுகிறது என்று போய்ப் பாருங்கள். பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால் சாலைகள் போக மிச்சத்தில் 10 விழுக்காட்டை உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுத்தாக வேண்டும். பல ஊர்களில் அது முக்கோணத் துண்டாகவோ, மின்கம்பிக்குக் கீழோ, கடைசி மூலையிலோ இருக்கும். எந்தப் பத்து விழுக்காடு என்பதை வரைகிறவர் முடிவு செய்கிறார். வாங்கிக்கொள்கிற ஊராட்சி முடிவு செய்வதில்லை. தானம் கொடுக்கிற மாட்டைப் பல் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பது வழக்குதான். ஆனால் இது தானப் பத்திரம் என்ற பேரில் சட்டப்படி வரவேண்டிய ஊர்ப் பங்கு. பல்லைப் பார்த்தே வாங்க வேண்டும்.

தியாகராய நகருக்கே திரும்புவோம். மனிதர் எழுதிய வரைபடம் மாறிவிட்டது. தண்ணீருக்குத் தன் பழைய இடம் மறக்கவில்லை. மேற்கு மாம்பலத்தில் ‘லேக் வியூ ரோடு’ இருக்கிறது, பார்ப்பதற்கு ஏரி இல்லை. நுங்கம்பாக்கத்தில் ‘டேங்க் பண்ட் ரோடு’ இருக்கிறது, கரை கட்ட நீர் இல்லை. 2021 நவம்பர் மழையில் தியாகராய நகரின் தெருக்கள் நாள்கணக்கில் நீரில் நின்றன. குடியிருப்பாக வரைந்த இடம் எப்படி நாட்டின் பெரும் கடைவீதிகளில் ஒன்றானது என்பது தனிக்கதை. எந்த மன்றத்திலும் ‘இது இனி வணிகப் பகுதி’ என்று யாரும் முழுதாக விவாதித்து முடிவெடுக்கவில்லை. ஒவ்வொரு கட்டடமாக மாறியது, மீறியது, 1998-இல் சட்டத்தில் 113-ஏ என்ற பிரிவு சேர்ந்து மீறல்களுக்குக் கட்டணம் கட்டி வரன்முறை செய்யும் வழி பிறந்தது. 2017 மே 31 அன்று உஸ்மான் சாலையில் ஒரு பலமாடித் துணிக்கடை தீப்பிடித்து, பிறகு இடித்துத் தள்ள வேண்டியதாயிற்று. அந்தக் கரும்புகையைத் தொலைவிலிருந்து பார்த்தவர்கள் இங்கேயும் இருப்பீர்கள்.

இனி நான் சொல்லப்போவதைக் கொஞ்சம் கவனமாகக் கேட்கும்படி மாணவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

சென்னை மாநகராட்சி மன்றம் 1973-இல் கலைக்கப்பட்டது. அடுத்த தேர்தல் 1996-இல். இடையில் 23 ஆண்டுகள். சென்னைப் பெருநகரின் முதல் முழுமைத் திட்டம் நடைமுறைக்கு வந்தது 1976-இல். அதாவது, எந்தத் தெருவில் வீடு, எந்தத் தெருவில் கடை, எந்த நிலம் வயல் என்று நகரம் முழுவதற்கும் கோடு போட்டபோது, அந்தத் தெருக்காரர்கள் தேர்ந்தெடுத்த ஒரு கவுன்சிலர்கூடப் பதவியில் இல்லை.

அடுத்தது 2016. அந்த ஆண்டு செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம், அனுமதியில்லாமல் பிரிக்கப்பட்ட மனைகளைப் பத்திரப்பதிவு செய்யத் தடை விதித்தது. விளைநிலம் கண்மூடித்தனமாக மனையாவதை எதிர்த்து ஒரு வழக்கறிஞர் தொடுத்த வழக்கு அது. என் பணிக்காலத்தில் நில விஷயத்தில் அத்தனை பெரிய அதிர்வை நான் கண்டதில்லை. மாதத் தவணை கட்டி மனை வாங்கிய ஆட்டோக்காரர், பள்ளி ஆயா, வெளிநாட்டில் கூலி வேலை செய்து அனுப்பியவர் என்று பலர் அலுவலக வாசலில் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். விற்கவும் முடியாது, கடன் வாங்கவும் முடியாது. பிறகு 2017 மே மாதம் வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்கு முன் பிரிக்கப்பட்டவற்றுக்குக் கட்டணம் கட்டி அங்கீகாரம் பெறலாம். ஊர் ஊராக, எந்த மனைப்பிரிவு ஓடையை அடைத்திருக்கிறது, எதற்குச் சாலை உண்டு, எதில் ஊராட்சிக்கு உரிய இடம் விற்கப்பட்டுவிட்டது என்று உட்கார்ந்து பேச வேண்டிய வேளை அது. ஆனால் 2016 அக்டோபரிலேயே தமிழ்நாடு முழுவதும் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்துவிட்டது. ஊராட்சித் தேர்தல் 2019 டிசம்பரில்தான் நடந்தது. அதுவும் எல்லா மாவட்டங்களிலும் அல்ல. நகரங்களுக்கு 2022 பிப்ரவரி. தமிழ்நாட்டின் மனைப்பிரிவு வரலாற்றில் ஊர்வாரியாக எடுக்கப்பட்ட மிகப் பெரிய முடிவு, ஊர் மன்றங்கள் இல்லாத காலத்தில் தனி அலுவலர்களின் கையொப்பத்தில் நடந்தது. 2025 ஜனவரி 5 அன்று 28 மாவட்டங்களில் ஊராட்சிப் பதவிக்காலம் மறுபடி முடிந்தது, தனி அலுவலர்கள் மறுபடி வந்தார்கள்.

தனி அலுவலர்களில் நேர்மையானவர்கள் பலரை நான் அறிவேன். அவர்களோடு வேலை பார்த்திருக்கிறேன். ஆனால் தனி அலுவலருக்கு இரண்டு ஆண்டில் மாற்றல் வரும். அவர் கையெழுத்திட்ட தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும்போது அவர் வேறு மாவட்டத்தில் இருப்பார். வார்டு உறுப்பினர் அதே தெருவில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். ஏச்சையும் கேட்க வேண்டும். அந்த ஏச்சு பெரிய பாதுகாப்பு.

வேறு வழி உண்டா என்று கேட்பீர்கள். பக்கத்திலேயே இரண்டு இடங்களில் முயன்றிருக்கிறார்கள். கேரளத்தில் 2008-ஆம் ஆண்டு நெல்வயல், சதுப்புநிலப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தார்கள். ஊராட்சி தோறும் உள்ளூர்க் கண்காணிப்புக் குழு. ஊராட்சித் தலைவர் குழுத்தலைவர், வேளாண் அலுவலர் கூட்டுபவர், கிராம அலுவலர், விவசாயப் பிரதிநிதிகள் மூவர். எந்த வயல் இன்னும் வயல் என்று அவர்கள் ஒரு விவரத் தொகுப்புத் தயாரிக்க வேண்டும். சொந்த வீடு கட்ட வேறு இடம் இல்லாதவர் கேட்டால் ஊராட்சியில் 10 சென்ட், நகரத்தில் 5 சென்ட் அளவுக்குள் பரிசீலிக்கலாம். பிறகு 2018-இல் ஒரு திருத்தம் வந்து, தொகுப்பில் ஏறாத நிலங்களுக்குக் கட்டணம் கட்டி மாற்றும் கதவைத் திறந்தது. அந்தச் சட்டத்தில் நான் மதிப்பது ஒன்றை: பட்டியல் போடும் வேலையை ஊரிடம் கொடுத்தது. நிலத்தைக் கேட்டு ஆள் வருவதற்கு முன்பே ஊர் தன் நிலத்தை ஒருமுறை நடந்து பார்த்தாக வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது.

கோவாவின் கதை இன்னும் சூடானது. 2006-இல் அங்கே ‘மண்டலத் திட்டம் 2011’ அறிவிக்கப்பட்டது. மலைச்சரிவும் தோட்டமும் வரைபடத்தில் குடியிருப்பு நிறத்துக்கு மாறியிருந்ததைக் கண்டு ஊர் ஊராக மக்கள் திரண்டார்கள். 2007 ஜனவரியில் அரசு அதைத் திரும்பப் பெற்றது. அடுத்த திட்டத்துக்கான பணிக்குழுவில் கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா இருந்தார். ஊர்வாரியாக வரைபடங்களைத் தயாரித்து ஊராட்சிகளுக்கு அனுப்பினார்கள். கிராம சபைகளில் அவற்றை விரித்துப் போட்டுப் பேசினார்கள். இது ஓடை, இது காஜன் எனப்படும் கரைகட்டிய கழிமுக நிலம், இது கோயில் தோப்பு என்று ஊரார் திருத்தம் எழுதினார்கள். எல்லாத் திருத்தமும் ஏற்கப்படவில்லை. இறுதித் திட்டத்தைப் பற்றியும் சண்டை ஓயவில்லை. ஆனால் ஒரு மாநிலத்தின் நிலப் பயன்பாட்டு வரைபடம் ஊர்ச் சபையின் தரையில் விரிக்கப்பட முடியும் என்று அங்கே காட்டிவிட்டார்கள். ‘மக்களுக்கு வரைபடம் புரியாது’ என்று இனி எந்த அலுவலகமும் சொல்ல முடியாது. அவரவர் வீட்டையும் கிணற்றையும் காட்டிவிட்டால் மீதியை மக்கள் தாமே கண்டுபிடித்துக்கொள்வார்கள். இதை நானே பார்த்திருக்கிறேன்.

நிலம் விற்கிறவரைக் குற்றவாளியாக்கி இந்தப் பேச்சை முடிக்க எனக்கு மனமில்லை. கிணறு வற்றி, பையனைப் படிக்கவைத்து, நடவுக்கு ஆள் கிடைக்காமல், ஒரு போகம் மழையில் போய், ஒரு போகம் வெயிலில் போய், கடைசியில் விற்கிறார். விற்ற அன்றிரவு வரப்பில் போய் உட்கார்ந்திருந்த ஒருவரை நான் அறிவேன். வாங்குகிறவரும் பெரும்பாலும் நம்மைப் போன்றவர்தான். நகரத்து வாடகையில் நொந்து, சொந்தமாக 600 சதுர அடி கிடைக்காதா என்று ஏங்குகிறவர். வீடு வேண்டும். கடையும் வேண்டும், கடை வந்தால் ஊர்ப் பெண்களுக்கு வேலை வரும் என்று அதே கிராம சபையில் ஒரு தம்பி சொன்னார், அதுவும் நியாயம். சொத்துவரியும் முத்திரைத் தீர்வைக் கூடுதல் வரியின் பங்கும் ஊராட்சிக்கு வேண்டியிருக்கிறது. ஊர் விவாதித்தால் எல்லா மனைப்பிரிவையும் மறுத்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் கிராம சபையில் உட்கார்ந்ததில்லை. அந்த அம்மா ‘வேண்டாம்’ என்று சொல்லவே இல்லை. தண்ணீருக்கு வழி கேட்டார், அவ்வளவுதான்.

அவருக்கு அன்று பதில் சொல்ல முயன்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அரைநாள் போதும். சர்வேயர், வரைபடம் போட்டவர், நிலம் விற்றவர், அந்த அம்மா நால்வரும் வயலில் நடந்திருக்கலாம். காலின் தடத்தைக் கயிறு பிடித்து அளந்திருக்கலாம். 18 ஏக்கரில் ஊராட்சிக்கு வரவேண்டிய பூங்கா இடமும் சாலைகளும் சேர்ந்து ஏக்கர்கணக்கில் இருந்தன. பூங்காவைக் கடைசி மூலையிலிருந்து எடுத்துத் தாழ்வான நடுப்பகுதிக்கு மாற்றி, காலை அதற்குள் திறந்தவெளியாக ஓடவிட்டிருக்கலாம். மனை எண்ணிக்கையில் பெரிய குறைவு வந்திருக்காது. கடைகளுக்கான முகப்பு அப்படியே இருந்திருக்கும். சபையில் யாரும் இதைச் சொல்லவில்லை, ஏனென்றால் வரைபடம் சபைக்கு வரவே இல்லை. வந்தது கோப்பு எண் மட்டும்.

ஆகவே என் கோரிக்கை பெரிது அல்ல. மனைப்பிரிவு விண்ணப்பம் எந்த அலுவலகத்துக்குப் போனாலும், தொழில்நுட்ப அனுமதிக்கு முன்னால் அதன் வரைபடம் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டப்பட வேண்டும். நீரோட்டம் தனி நிறத்தில் இருக்க வேண்டும். கிராம சபையில் அதைத் தனிப் பொருளாக எடுக்க வேண்டும், ‘இதர’வில் கூடாது. 2022 முதல் ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள். அவற்றில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளன்று. அந்த ஒரு சபையையாவது ஊரின் வரத்துக்கால்களை நடந்து பார்த்துப் படம் எழுதுவதற்கு ஒதுக்கலாம். அதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டியதில்லை. யார் என்ன கேட்டார், அதற்கு யார் என்ன பதில் சொன்னார் என்பது தீர்மானப் புத்தகத்தில் எழுதப்பட வேண்டும். ‘ஏகமனதாக’ என்ற சொல்லை நாங்கள், அரசு ஊழியர்கள், எத்தனை ஆயிரம் முறை எழுதியிருப்போம். அந்தச் சொல்லுக்கு அடியில் எத்தனை கேள்விகள் புதைந்து கிடக்கின்றனவோ.

2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. மூன்றாம் நாள் நிவாரணப் பணிக்காக, அந்த அம்மா கேள்வி கேட்ட ஊருக்குப் போனேன். மனைப்பிரிவில் அப்போது பதினைந்து இருபது வீடுகள் எழுந்திருந்தன. நடுத் தெருவில் இடுப்பளவு தண்ணீர். நெடுஞ்சாலை ஓரத்தில் மேடாக்கிக் கட்டிய கடைகள் காய்ந்திருந்தன; பின்னால் இருந்த வீடுகளிலிருந்து பாத்திரம் மிதந்து வந்தது. ஏரி அந்த ஆண்டு முதலில் நிரம்பவில்லை என்றார்கள். வரவேண்டிய தண்ணீர் வீடுகளுக்குள் நின்றது. பள்ளிக்கூடத்தில் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா அங்கே இருந்தார், கரண்டியோடு. மனைப்பிரிவுக்காரர்களுக்குத்தான் பரிமாறிக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. “சாப்டுங்க சார்” என்றார்.

ஓய்வு பெற்றபின் ஒருமுறை அந்த ஊராட்சி அலுவலகத்துக்குப் போய், 2012-ஆம் ஆண்டுத் தீர்மானப் புத்தகத்தைக் காட்டச் சொன்னேன். கிளார்க் தம்பியின் கையெழுத்து, என் வாசகம், என் ஒப்பம். அந்தப் பக்கத்தில் இப்போது ஒன்றும் சேர்க்க முடியாது. சட்டம் இடம் கொடுக்காது. ஆனால் இந்தச் சொற்பொழிவு அச்சாகும் என்று சொல்லியிருக்கிறார்கள். ஆகவே, அந்தப் பக்கத்தில் இருந்திருக்க வேண்டியதை இங்கே வாசித்துவிட்டு அமர்கிறேன்.

‘கூட்டத்தில் ஓர் உறுப்பினர், மழைநீர் எந்தப் பக்கம் போகும் என்று கேட்டார். வரத்துக்கால் மேற்படி நிலத்தின் நடுவே வருவதாகவும், அதைத் தாமும் மற்றப் பெண்களும் தூர்வாரியதாகவும் தெரிவித்தார். இடத்தை நேரில் பார்த்து முடிவு செய்ய, பொருள் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.’